உருண்டையில் ஒரு பொட்டு

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது வீடு சரியாக இல்லை என்று இஞ்ஞாசி கொரைராவுக்குப் பட்டது. என்ன சரியில்லை என்று தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. காலையில் அவர் கையாலேயே அணைத்ததுதான். டி.வி.க்குக் கீழே பெரிய பூசைப் புத்தகம் மாதிரி கறுப்பாகப் படுத்துக் கிடக்கிறதே மகள் ஜெனோவாவின் கேம் பெட்டி, அது இன்றைக்கு மூச்சுவிடவில்லை. அவள் நார்வேக்குப் போன நாளிலிருந்து ராப்பகலாக ஓடிய பெட்டி. அதற்குள் சுற்றுகிற காற்றாடியின் இரைச்சலில்தான் அவர் சாப்பிட்டார், ஜெபமாலை சொன்னார், தூங்கினார். கொஞ்ச நாளில் அது இரைச்சலாகவே கேட்காமல் போயிற்று. இப்போது நின்றதும் சுவர்க் கடிகாரம் கேட்டது, குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டது, மூச்சுவிடும்போது தன் மூக்கு லேசாக விசிலடிப்பது கூடக் கேட்டது. இத்தனை வருஷமும் இந்த மூக்கோடா குடித்தனம் பண்ணினோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. வெளியே பனிமய மாதா திருவிழா. கொடியேறியதிலிருந்து தூத்துக்குடியே தெருவில்தான் கிடக்கிறது. ஒலிபெருக்கியில் யாரோ சாமியார் பிரசங்கம் வைக்கிறார், இடையிடையே காணாமல் போன பிள்ளைகளின் சட்டை நிறத்தை அறிவிக்கிறார்கள். இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் மேசைமேல் இருந்த செல்போன் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. இன்றைக்கு சனிக்கிழமை, அவளுக்கு லீவு. அங்கே இப்போது காலை நேரம். எழுந்திருப்பாள், காப்பி போட்டிருப்பாள், அவள் வீட்டுத் திரையைப் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் இந்நேரம் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டி விளையாடாத நேரத்தில் சும்மா கிடக்காது. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானிகள் ஒரு ராட்சசக் கணக்கை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, இஷ்டப்பட்டு இடம் கொடுக்கிற வீடுகளுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வீடு இந்த மாதிரிப் பெட்டிகள் ஆளுக்கொரு துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்புகின்றன, அடுத்த துண்டு வருகிறது. கூலி கிடையாது, பேரும் கிடையாது. ஜெனோவா இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். வீட்டுக் கணக்கையே போடத் தெரியாதவள் உலகத்துக் கணக்கைப் போடப் போகிறாளாம். அவர் மனைவி செசிலி அப்போது உயிரோடு இருந்தாள், கை நடுக்கம் வந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிற நிலைமையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உடம்புக்குள் இருக்கிற புரதம் தன்னைத்தானே மடித்துக்கொள்ளுமாம், சேலைக்குக் கொசுவம் வைப்பது போல, ஒரு மடிப்பு தப்பினால் எல்லாம் தப்பு, அம்மாவின் கை நடுங்குவதும் அப்படியொரு மடிப்பு தப்பியதால்தானாம், எப்படித் தப்புகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கணக்கெல்லாம் என்று மகள் விளக்கினாள். அப்ப என் கை நிக்குமாட்டி என்று செசிலி கேட்டாள். ஒங்களுக்கு இல்லம்மா, பின்னால வாறவங்களுக்கு என்று பிள்ளை உள்ளதைச் சொன்னாள். செசிலி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான், போடு என்றாள். அந்த அதுவும் சரிதான் அவருக்கு இப்போதும் காதில் நிற்கிறது. கொசுவம் என்றதும் அந்தக் காலைகள் வருகின்றன. பூசைக்குப் போக வேண்டும் என்பாள், கை மடிப்பைப் பிடிக்காது, சரியும், மறுபடி பிடிப்பாள், சரியும். கடைசியில் அவர் முழங்காலில் நின்று மடித்துச் செருகக் கற்றுக்கொண்டார். ஹார்பரில் அவரோடு வேலை பார்த்தவர்கள் பார்த்திருந்தால் ஊர் முழுக்க ஊதியிருப்பார்கள். முதல் மடிப்பை அகலமாக எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் தானாக அதன் பின்னால் வரும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், அவர் தலைக்கு மேலே நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு. அந்தக் கையின் நடுக்கத்தை அவர் உச்சந்தலை இன்னும் மறக்கவில்லை.

கணக்கு ஓடும்போது டி.வி.யில் ஒரு பூமி உருண்டை தெரியும். எந்த வீட்டில் பெட்டி ஓடுகிறதோ அந்த இடத்தில் உருண்டையின்மேல் ஒரு பொட்டு வெளிச்சம். சென்னையில் ஒரு கொத்து, பெங்களூரில் ஒரு கொத்து, அதற்குக் கீழே வந்தால் நம் கடற்கரை முழுக்க இருட்டு, ஓரத்தில் ஒன்றே ஒன்று. அது நம்ம வீடுப்பா என்று ஜெனோவா கைதட்டினாள். செசிலி போன பிறகு, மீன் படிப்பில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து அவள் நார்வேயின் வட கோடியில் இவர் வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு சின்ன ஊருக்குப் போனாள். பனிமய மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தவள் பனியிலேயே போய் விழுந்தாள் என்று அன்பியத்தில், தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற கூட்டத்தில், எல்லோரும் கேலி பண்ணினார்கள். அங்கே போன சூட்டோடு அவள் செய்த முதல் காரியம் இதே மாதிரி ஒரு பெட்டி வாங்கியது. அன்றைக்குப் போனில் சொல்லிச் சொல்லி, ஜாய்ஸ்டிக்கைத் திருக வைத்து, உருண்டையைச் சுழற்ற வைத்து, மேலே, இன்னும் மேலே, அந்தா என்று காட்டினாள். கறுப்பு வனாந்தரத்தில் தனியாக ஒரு பொட்டு. இங்கன நான் ஒருத்திதாம்ப்பா, அது எரிஞ்சா நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்கிடுங்க, ஒங்களது எரிஞ்சா நீங்க நல்லா இருக்கியன்னு நான் வச்சுக்கிடுதேன் என்றாள். நல்ல ஏற்பாடு என்று அவருக்கும் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிற போன் இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆயிற்று, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. எரியுதே, பிறகென்ன. சுகமா என்று கேட்க வேண்டியதில்லை என்றான பிறகு வேறு என்ன கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவர் தன் பங்கில் ஒரு குறை வைக்கவில்லை. காலையில் எழுந்ததும் டி.வி.யைப் போட்டுப் பார்ப்பார், படுக்குமுன் ஒரு தடவை பார்ப்பார், எரிகிறது, சரி. ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவருக்கு இது பழகின வேலை. கப்பலில் சரக்கு இறங்குகிற ஒவ்வொரு வாய்க்கும், ஹேட்ச் என்பார்கள், ஒரு கிளார்க் நிற்பான். கிரேன் தூக்குகிற மூட்டையை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் பக்கத்து ஹேட்சில் மூட்டை கிழிந்து சீனி கொட்டியதை வேடிக்கை பார்த்தார், இவர் கணக்கு தப்பியது. மேஸ்திரி ஆசீர்வாதம் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, உன் ஹேட்ச் எதுவோ அதைப் பாருல, பக்கத்து ஹேட்சுக்கு வேறொருத்தன் சம்பளம் வாங்குதான் என்றார். அதற்குப் பிறகு பணி ஓய்வு பெறுகிற வரைக்கும் இஞ்ஞாசி கொரைரா பக்கத்தில் திரும்பவில்லை, பக்கத்து ஹேட்சில் ஆள் விழுந்தபோதுகூடச் சத்தம் கேட்டுத்தான் தெரியும். அவர் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை யாரிடம் போய்ச் சொல்வது? மின்சாரம் போனால் பதைத்துப் போவார், வந்தவுடன் முதல் வேலையாகப் பெட்டியைப் போடுவார், ஐயோ பிள்ளை பயந்திருப்பாளே என்று. அவள் ஒரு தடவைகூடப் பயந்த மாதிரித் தெரியவில்லை.

நேற்று இஞ்ஞாசியார் திருநாள். பிறந்தநாளை மறந்தாலும் பெயர் கொண்ட புனிதரின் திருநாளை அந்த வீட்டில் மறப்பதில்லை. ஜெனோவா பிள்ளையாக இருந்தபோது விடியக்காலம் தலையணைக்குப் பக்கத்தில் வந்து நின்று, திருநாள் வாழ்த்துப்பா, மக்ரூன் எங்கப்பா என்பாள், வாழ்த்து ஒரு சாக்கு, அந்த முந்திரி இனிப்புதான் காரியம். நேற்று அவர் அதிகாலைப் பூசைக்குப் போய்விட்டு அவசரம் அவசரமாகத் திரும்பினார், போனை எடுத்துக்கொண்டு போகவில்லை, பூசையில் அடித்துத் தொலையுமே என்று. போன் அடித்திருக்கவில்லை. பத்து மணிக்கு அடிக்கவில்லை, மத்தியானம் இல்லை, அங்கே வேலை முடிகிற நேரத்துக்கும் இல்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். படுத்துக் கிடந்தபோது ஒரு நினைப்பு வந்தது, அது வந்ததுதான் வினை. இந்தப் பெட்டி ஓடுவதற்கு அவர் தேவையில்லை. அவர் இந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்து போய்விட்டால்கூட அது பாட்டுக்கு ஓடும், துண்டுக் கணக்கை முடிக்கும், அடுத்ததை வாங்கும், உருண்டையில் தூத்துக்குடி எரியும், அங்கே ஒருத்தி காப்பி குடித்துக்கொண்டே அப்பா நல்லா இருக்காங்க என்று நினைத்துக்கொள்வாள். எத்தனை நாளைக்கு? கீழ் வீட்டுக்காரர்கள் சம்மந்தி வீட்டுக்குப் போனால் ஒரு வாரம் வர மாட்டார்கள். அவருக்குக் குப்பென்று வியர்த்தது. பயம்தான், வேறென்ன. பொட்டு எரிவது பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி, மனுஷனுக்கு இல்லை. காலையில் எழுந்து, பல்கூட விளக்காமல், அணைத்தார். பார்ப்போம். உன் அப்பன் அணைந்துவிட்டான், கூப்பிடுகிறாயா இல்லையா.

போன் அடித்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது, முழங்கால் மேசையில் இடித்தது. அன்பியத்தை நடத்துகிற அடைக்கலம் டீச்சர். சாயந்திரம் அன்பியக் கூட்டம் தன் வீட்டில்தான் என்பதை ஞாபகப்படுத்தினார், போன மாதமும் வரவில்லை என்றார், தனியாக இருக்கிறவர்கள்தான் முதலில் வர வேண்டும் என்றார். வாறேன் டீச்சர், வாறேன் என்று சொல்லி வைத்தார். தனியாக இருக்கிறவர்கள் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். முழங்கால் வலித்தது. அதைத் தேய்த்துக்கொண்டே, ஒருவேளை அவள் கூப்பிட்ட அதே நேரத்தில் டீச்சர் லைனைப் பிடித்துக்கொண்டாரோ என்று நினைத்தார், அப்படியானால் திரும்பக் கூப்பிடுவாள், கூப்பிடவில்லை. கடைசியாக எப்போது பேசினோம்? ஈஸ்டருக்கு. அன்றைக்கும் அவள்தான் கூப்பிட்டாள். ஈஸ்டர் வாழ்த்து, நோன்பு இருந்தீர்களா, இருந்தேன். அப்புறம் உருண்டையப் பாக்கியளாப்பா என்று கேட்டாள். தினம் பாக்கேன், நல்லா எரியுது என்றார். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கார்டில் காசு தீர்ந்துவிட்டதாக்கும் என்று இவர் அலோ அலோ என்றார். சரிப்பா, வைக்கேன் என்றாள். நான்கு வரிப் பேச்சு. நல்லா எரியுது என்று பெருமையாகச் சொன்ன மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போவாள்.

வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது, தரையிலிருந்து கேம் பெட்டியின்மேல் ஏறியது. தூசி தெரிந்தது. பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. எப்போதும் கொதிக்கிற பெட்டி, மழை நாளில் துவைத்த கைலியை அதன் பக்கத்தில் போட்டால் காய்ந்துவிடும். இந்தச் சில்லிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, எந்தச் சில்லிப்பை அது ஞாபகப்படுத்துகிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். பாதியில் நின்ற துண்டு ஒன்று அதற்குள் கிடக்கும். யாரோ ஒரு பெண்பிள்ளை எங்கோ ஒரு ஊரில் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மடிப்பு நிற்க மாட்டேன் என்கிறது, அவளுக்கு ஆக வேண்டிய கணக்கை இவர் தன் கோபத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். அதுவும் சரிதான், போடு. செசிலி எதற்கும் சத்தம் போட்டவள் இல்லை, ஆனால் அவள் சொன்னதைத் தட்டிவிட்டு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததும் இல்லை. வீம்பு யாருக்கு நஷ்டம்? பார்க்காதவளுக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன. ஒருவேளை அவள் இன்னும் எழுந்திருக்கவே இல்லையோ என்னவோ. இப்படிச் சொல்லிக்கொண்டு, தோற்றுவிட்டோம் என்பதும் தெரிந்துகொண்டு, பொத்தானை அழுத்தினார். பெட்டி இருமியது, மூச்சு விட ஆரம்பித்தது. அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது, வயசு அப்படி.

உருண்டை வந்தது. வழக்கம்போல நம் பக்கம் திரும்பித்தான் வந்தது. கொஞ்ச நேரம் நம் கரை இருட்டாக இருந்து, பிறகு ஓரத்தில் பொட்டு முளைத்தது. எரிகிறது, சரி. வழக்கமாக இத்தோடு டி.வி.யை அணைத்துவிடுவார். இன்றைக்குக் கை போகவில்லை. அவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போமே என்று, குற்றம் கண்டுபிடிக்கிற புத்தியோடுதான், ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். அதன்மேலும் தூசி. எத்தனை காலம் ஆயிற்று இதைத் தொட்டு? திருகினார், உருண்டை எக்குத்தப்பாகப் போய்க் கடலில் நின்றது, மெல்ல மெல்லத் திருப்பி, மேலே, இன்னும் மேலே. லண்டன் பக்கமெல்லாம் கொத்துக் கொத்தாகத் தாண்டிப் போயிற்று. வெளிச்சம் குறைந்தது. மேல் விளிம்பில் நார்வே வால் மாதிரி நீண்டு வளைந்து கிடந்தது. அங்கே ஒன்றும் இல்லை. இடம் தப்பியிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரைக்குக் கிட்டத்தில் போய், மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். இருட்டு. இங்கன நான் ஒருத்திதாம்ப்பா என்றாளே, அந்த ஒருத்தி இல்லை.

அது எரிஞ்சா நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்கிடுங்க. அப்படியானால் எரியாவிட்டால்? காலையிலிருந்து அவர் அவளுக்கு ஊட்ட நினைத்த பயம் அப்படியே அவரிடமே திரும்பி வந்தது. இன்றைக்கு அணைந்ததா? நேற்றா? அதனால்தான் திருநாளுக்குக் கூப்பிடவில்லையோ, கூப்பிட முடியவில்லையோ. எப்போது அணைந்தது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. காலையும் ராத்திரியும் தவறாமல் பார்த்த மனுஷன், ஆனால் பார்த்ததெல்லாம் தன்னுடையதை. நல்லா எரியுது என்று மார்தட்டியதும் தன்னுடையதைத்தான். உருண்டையப் பாக்கியளாப்பா என்று பிள்ளை கேட்டது அவளுடையதை. கார்டில் காசு தீரவில்லை. அப்போதே அணைந்துதான் இருந்தது, சொல்லாமல் சொன்னாள், இவர் அலோ அலோ என்றார். இன்னொன்றும் புரிந்தது. பெட்டியை அணைத்தவளுக்கு உருண்டை ஏது? இவருடைய பொட்டை அவள் பார்த்தே மாதக்கணக்கு ஆகியிருக்கும். ராப்பகலாக யாருமே பார்க்காத ஒரு வெளிச்சத்தை எரித்துக்கொண்டு, இன்றைக்கு அதை அணைத்து ஆளை மிரட்டப் பார்த்திருக்கிறார். பெரிய டாலி கிளார்க். பக்கத்து ஹேட்சில் விழுந்து கிடப்பது சொந்தப் பிள்ளை, இவர் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

போனில் அவள் எண்ணைத் தேடி அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாதாவே, எடுக்கட்டும், வேறொன்றும் கேட்கவில்லை, எடுக்கட்டும். அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்தாள். அவர் அவள் பேரைச் சொன்னார். மூச்சு வாங்கியது, பக்கத்தில் பெட்டி இரைந்தது, கோயிலில் மணி. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் பாத்தியளாப்பா?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆமாட்டி, இப்பத்தான் என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. என்றைக்கு அணைத்தாய் என்று கேட்டார். அம்மா திருப்பலி அன்னைக்கு என்றாள். செசிலியின் நினைவு நாள், ஜனவரியில். அவர் கோயிலில் பூசை வைத்தார், கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினார், வீட்டுக்கு வந்து பொட்டு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்தார். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்த மாதம் முழுக்க அங்கே சூரியனே வருவதில்லையாம். அன்றைக்கு அப்பா கூப்பிடுவாங்க என்று போனை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாளாம். தூத்துக்குடிப் பொட்டு மட்டும் திரையில் எரிந்துகொண்டே இருந்ததாம், அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்ததாம், அப்பா நல்லா இருக்காங்க, அதான் கூப்பிடல. ஆத்திரத்தில் அணைத்தாள். மறுநாள் கூப்பிடுவாங்க, அணைஞ்சிருக்கேன்னு பதறிக்கிட்டுக் கூப்பிடுவாங்க என்று இருந்தாள். மறுநாள் போய், வாரம் போய், பிறகு போடவே மனசு வரவில்லை. நேத்துத் திருநாளுக்குப் போனை எடுத்து எடுத்து வச்சேன்ப்பா, மொதல்ல நீங்கதான் கேக்கணும்னு ஒரு பிடிவாதம் என்றாள். யாருடைய பிடிவாதம் என்று அவருக்குத் தெரியாதா. நானும் இன்னைக்கு அணைச்சேன்ட்டி, நீ பாக்கியான்னு என்றார். நான் எப்படிப்பா பாப்பேன் என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. அவருக்கும் அதே கதிதான். என்னை மன்னிச்சுக்கோ என்று சொல்ல வந்தார், சாப்பிட்டியா என்றுதான் வாயில் வந்தது.

இருங்கப்பா, போடுதேன், நீங்க வைக்காதீங்க, பாத்துக்கிட்டே இருங்க என்றாள். அவள் எழுந்து நடப்பதும் எதையோ நகர்த்துவதும் கேட்டது. ரொம்ப நாளாகக் கிடந்ததால் முதலில் தன்னைச் சரிபார்த்துக்கொண்டுதான் ஓடுமாம், நேரமாகுமாம். ஆகட்டும். அதற்குள் அவள் பேசினாள். மேல்வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார், மீன் கருவாட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு நாற அடிக்கிறார், நம்ம ஊர் நாற்றம் மாதிரியே இருக்கிறது, அதற்காகவே மாடிப்படியில் கொஞ்ச நேரம் நிற்பேன் என்றாள். இதையெல்லாம் இவள் எப்போதும் சொன்னதில்லையே என்று நினைத்தார், பிறகு, கேட்டதில்லையே என்று திருத்திக்கொண்டார். வெளியே விளக்கு போட்டுவிட்டார்கள், அடைக்கலம் டீச்சர் வீட்டில் இந்நேரம் ஜெபம் ஆரம்பித்திருப்பார்கள், இந்த மாதமும் இவர் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருப்பார். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நார்வேயின் வால் நுனியில், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு பொட்டு முளைத்தது. மங்கலாகத் தொடங்கி, நின்று, எரிந்தது.

"வந்துட்டுதாப்பா?" என்று கேட்டாள் ஜெனோவா.

"இன்னும் வரலட்டி," என்றார் அவர். "நீ பேசு."

அவளுக்கு முன்னாலும் அதே உருண்டைதான் இருக்கிறது, அதில் அவள் பொட்டு அவளுக்கும் தெரியும். இது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. இந்தத் தடவை அவர் அலோ அலோ என்று கத்தவில்லை, காத்திருந்தார். சரிப்பா என்றாள் அவள், வரட்டும், மெல்ல வரட்டும் என்றாள், அந்தக் கருவாட்டுக் கிழவர் ஒரு நாள் என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பித்தாள்.